எட்டாம் இலக்கம்

ஒரு வேலைநாளில் ஐந்து தரம்
நான் நாடு மாறுகிறேன்.
கிளைன்ஹூனிங்கன் தரிப்பிடத்தில் கதவு சாத்தி
மணியை ஒருமுறை தட்டி
சுங்கச் சாவடியைக் கடந்தால் ஜெர்மனி.
வெறும் பையோடு வருகிறவர்கள்
மலிவு இறைச்சியும் பாலுமாகத்
திரும்பி ஏறுவார்கள்.
தண்டவாளம் இரண்டு பக்கமும் ஒரே இரும்பு.

பாசலில் ஆறு எடுத்தால் கெட்டிக்காரி.
சாவடிக்கு அங்கால் ஆறு எடுத்தால்
நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா.
வைல் நகரத்துத் தம்பியின் மகன் ஆருசன்
கணக்கில் ஒன்று எடுத்தான், கேக் வெட்டினார்கள்.
என் மகள் தர்மிகாவுக்கு மூன்றரை.
இங்கே அது அரைப்புள்ளியில் தவறியது,
அங்கே எப்படியோ தேறியது.
அறிக்கையை மடித்துச் சட்டைப் பையில் வைத்து
ஒருநாள் எல்லை கடந்து பார்த்தேன்.
சுடுவது குறையவில்லை.

ஆறாம் வகுப்பு முடிய
பிள்ளைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்.
பல்கலைக்கழகம் நோக்கிப் போவது ‘பி’,
நடுவில் ‘இ’,
அடியில் ‘ஏ’.
பெறுபேறு பிள்ளையினுடையது,
கடிதம் வந்தது பெற்றவர்கள் பெயரில்.
ஏ.
கீழே ஆசிரியையின் குறிப்பு, நல்ல மனுசி:
‘வாசித்து விளங்கிக்கொள்வது போதாது.’

அன்றிரவு நான் அவளோடு கதைக்கவில்லை.
அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

போன மாசியில்
தாய்க்கு ஆஸ்பத்திரியில் இருந்து வந்த கடிதத்தை
வாசித்தது அவள்தான்.
எனக்குத் தெரிந்தது ட்ராம் ஜெர்மன்,
மனைவிக்குக் குசினி ஜெர்மன்.
மேசையில் இரண்டு பக்கம்.
வரிக்குக் கீழே விரலை வைத்துத்
தமிழாக்கிக்கொண்டே போனாள்.
ஓரிடத்தில் விரல் நின்றது.
பிறகு அடுத்த வரிக்குப் போனது.
“இன்னொரு டெஸ்ட் எடுக்கவேணுமாம்.
பயப்பிடத் தேவையில்லையாம்.”
தாய் தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள்,
நித்திரையும் கொண்டாள்.

பின்னிரவில் அகராதியோடு
அந்த வரியை நான் தேடிப் பிடித்தேன்.
அதில் இருந்த சொல்லை
இங்கேயும் நான் எழுதப்போவதில்லை.
‘பயப்பிடத் தேவையில்லை’ என்று
இரண்டு பக்கத்திலும் எங்கேயும் இல்லை.
அவளுக்குப் பன்னிரண்டு வயது.
(மற்ற டெஸ்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தது,
அது வேறு கதை.)

சனிக்கிழமை, தமிழ்க் கொப்பியில்
க் ங் ச் என்று எழுதிக்கொண்டிருந்தவள்
தலை நிமிராமலே கேட்டாள்:
“புள்ளி போட்ட எழுத்து
ஒண்டுக்கும் உயிர் இல்லை, என்னப்பா?”

ஓமென்று சொல்ல வாய் வந்தது.
ஆனால் சமிக்ஞைச் சோதனையில்
எழுபத்தெட்டுப் புள்ளி எடுத்துத்தான்
எனக்கு இந்த இருக்கை.
சோதனை எழுதாத ஒருவன் ஓட்டும் ட்ராமில்
இவளை ஏற்றி அனுப்புவேனா?
மாட்டேன்.
ஏறுகிற ஒருவரும் ஆனால்
எழுபத்தெட்டா என்று கேட்டதில்லை.
வைல் போகுமா என்றுதான் கேட்கிறார்கள்.
இதில் எது அவளுக்கான பதில் என்று
இன்னும் விளங்கவில்லை.
எனக்கும் போதாது போல.

நேற்று வவுனியாவில் இருந்து
மச்சாள் கோமதி வீடியோவில் வந்தாள்.
“மருமகளுக்கு என்ன மறுமொழி?”
“ஏ” என்றேன்.
“ஏயோ! பிள்ளையாரே! எனக்குத் தெரியும்!”
அவள் இருந்த கதிரை பின்னால் விழுந்தது.
அப்படியில்லை, இங்கே ஏ என்றால் என்று
நான் தொடங்க,
என் மணிக்கட்டில்
ஒரு விரல் வந்து நின்றது.
“மாமி, உங்கட முழங்கால் நோ
இப்ப எப்பிடி?”

காலையில் ஒரு படம் வந்திருக்கிறது.
கோயில் வாசல் கல்லில்
ஏழு தேங்காய், சிதறினபடி.
ஒரு சில்லை
நாய் ஒன்று கவ்விக்கொண்டு போகிறது.